மேயா தட்டிப் பார்த்த மாதா

எங்கள் மேயா அக்காவுக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பிக்கை வராது. ரொட்டியைத் தட்டுவாள், ஒயின் பீப்பாயைத் தட்டுவாள். கல்லுடைப்பவர்கள் குன்றில் பிறந்தவள். நல்ல கல் மணிபோல ஒலிக்கும், விரிசல் கண்டது பொத்தென்று கேட்கும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

ப்ளாரன்ஸ் நகரத்தில் வசதியுள்ளவர்கள் பிள்ளை பிறந்ததும் பால் கொடுத்து வளர்க்க எங்கள் குன்றுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அவளிடம் வந்தவன் பிந்தோ, ஒரு பத்திர எழுத்தரின் மகன். உளிச்சத்தம் கேட்டால்தான் தூங்குவான். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்பதால் அன்றைக்கு அழுது ஊரையே கூட்டுவான். மேயா தொட்டிலருகே உட்கார்ந்து கரண்டிக்காம்பால் வாசற்படியைத் தட்டுவாள்.

"ஓய்வுநாள்ல என்னம்மா சத்தம்?" என்று பாதிரியார் திட்டுவார்.

"நீங்க வந்து தாலாட்டுங்க சாமி, நான் நிறுத்திக்கிறேன்."

கொஞ்சம் வளர்ந்ததும் அவனும் கூடச் சேர்ந்து தட்டுவான். ஐந்து வயதில் தகப்பன் வந்து கூட்டிப் போனார். "இனிமே இவளை அம்மான்னு கூப்பிடக் கூடாது" என்று அவள் காதுபடவே சொன்னார். அந்த மனுஷனை எனக்கு இன்றுவரை பிடிக்காது. பையன் எழுத்து மேசையில் ஒட்டாமல் சிற்பியாகிவிட்டான்.

இறந்த மகனை மடியில் ஏந்திய மாதாவை அவன் பளிங்கில் செதுக்குகிறான் என்று கேள்விப்பட்டோம். கூடவே ஒரு வதந்தியும் வந்தது. கல்லுக்குள் விரிசலாம், ஒரு குளிர்காலம் தாங்காதாம். பிளந்தால் அவன் பெயர் போச்சு, தகப்பனின் மேசைக்கே திரும்ப வேண்டியதுதான். மேயாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நகரத்துக் கோயிலில் சிலைத் திறப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அவளோடு போனேன். திரை விலகியதும் எல்லோரும் மண்டியிட்டார்கள். இவள் நேரே போய், இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து, மாதாவின் அங்கி விளிம்பில் தட்டிவிட்டாள்! எனக்கு உயிரே போய்விட்டது.

டங்கென்று கோயில் முழுக்கக் கேட்டது.

"ஏ கெழவி, மாதாவையே அடிக்கிறியா?" என்று கோயில்பிள்ளை ஓடி வந்தார்.

"அடிக்கலப்பா, கேக்குறேன். சும்மா இரு." இன்னொரு இடத்திலும் தட்டினாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து பிந்தோ சிரித்துக்கொண்டே வந்தான். நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஞாயித்துக்கிழமை தட்டுறத இன்னும் விடலியாம்மா நீ?"

அந்த 'அம்மா' முன்வரிசையில் இருந்த தகப்பன் காதிலும் விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அருமையான கல்லுடா," என்றாள் மேயா. "எவன் சொன்னான் விரிசல்னு?"

"பொறாமைக்காரனுங்கம்மா. தட்டிப் பாக்காம உளியைத் தொடுவனா நான்?"

திரும்பும் வழியில், ஆளுக்கொரு ரொட்டித் துண்டைக் கடித்தபடி கேட்டேன். "மாதா முகத்தை என்னமா செதுக்கியிருக்கான், இல்லக்கா?"

மேயா அப்படியே நின்றுவிட்டாள்.

"முகமா? அதை எங்கடி பாத்தேன்? பையன் எப்படி எளைச்சுப் போயிட்டான்னு அவனையேல்ல பாத்துட்டிருந்தேன்."