வீராம்பட்டினத்து அஞ்சலை அக்காவைப் பார்க்கப் போன நாள்

2008 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை புதுச்சேரிக்குப் போய்வந்தேன். கடற்கரை பார்க்க அல்ல. விழுப்புரத்தில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனை அவசரப் பிரிவில் அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய விதிகளை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் உத்தரவில்லாமல் மருந்து கொடுக்கக்கூடாது, வாயால் சொன்ன உத்தரவைத் திரும்பச் சொல்லி உறுதி செய்யவேண்டும், நர்ஸிடம் ஒப்படைக்காமல் நோயாளியை விட்டு நகரக்கூடாது என்று ஐந்து விதிகள் சரசரவென்று வந்தன. ஆறாவது, நோயாளியின் நிலையை உறவினரிடம் டாக்டர் மட்டுமே சொல்லவேண்டும் என்பது. அதற்குமேல் எழுத ஓடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டேன்.

விழுப்புரத்தில் காலை 7.10க்கு பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், பதினான்கு ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில் அடிக்கும்.

நெல்லித்தோப்பில் நான் 2002 முதல் இரண்டு வருடம் ஆம்புலன்ஸ் பணியாளராக வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பிரஷர் பார்க்க வந்து, எங்களுக்கும் "பொன்ஷூர் முசே", அதாவது வணக்கம் ஐயா, என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். காக்கிச் சட்டை போட்ட என்னை முசே என்று கூப்பிட்ட ஊர் உலகத்தில் அது ஒன்றுதான்! எதிரே அதே டீக்கடை. உள்ளே அதே ஜெயந்தி சிஸ்டர்.

"என்னா சேகர், இப்பிடி இளச்சிட்ட? டீ குடிச்சியா?"

"குடிச்சிட்டேன் சிஸ்டர். ஏழுமலை சம்சாரத்தப் பாக்கணும்."

"இன்னும் வீராம்பட்டினத்துலதான் மீன் விக்கிறாங்க. போய்ட்டு வா" என்றார்.

ஏழுமலை மீன்பிடிப்பவர். 2003இல் ஒரு மதியம் நெஞ்சுவலியோடு தானாகவே நடந்து வந்தார். இ.சி.ஜி. ஒயர்களை ஒட்டும்போது, "வலையில மாட்டுன மீனு மாதிரி ஆயிட்டேன்" என்று சிரித்தார். வாசலில் அவர் மனைவி அஞ்சலை நடுங்கிக்கொண்டு நின்றார். டாக்டர் அப்போதுதான் இ.சி.ஜி. பேப்பரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். நான் வெளியே போய், "ஒண்ணும் இல்லக்கா, சரியாயிடும். வீட்டுக்குப் போயி மாத்துத்துணி எடுத்துட்டு வாங்க" என்றேன். அக்கா கிளம்பி நாற்பது நிமிடத்தில் அவர் இறந்துவிட்டார். துணிப்பையோடு அக்கா திரும்பி வந்தபோது நான் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து முதலியார்பேட்டை வழியாக டவுன் பஸ். ஏழு கிலோமீட்டர், அரை மணி நேரம், மூன்று ரூபாய். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் போங்கள்.

கடற்கரை மணலில் அஞ்சலை அக்கா கூடையோடு உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ ஆசுபத்திரி தம்பி இல்ல?"

"ஆமாக்கா. அன்னிக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. தெரியாமலே சொல்லிட்டேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீ சொன்னன்னு பஸ்ஸுல நிம்மதியாப் போனேன். ஊட்ல ஒக்காந்து காபி வேற குடிச்சேன். அதாம்பா இன்னும் ஆறல. நான் இருந்திருந்தா எதுனா சொல்லியிருப்பாரு. ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரு."

"சொன்னாருக்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன். 'அஞ்சல எங்க?'ன்னு கேட்டாரு. துணி எடுக்கப் போயிருக்காங்கன்னு சொன்னேன். 'ஒத்தையா பஸ் ஏறுனா பயப்படுவா, யாரயாச்சும் கூட அனுப்பு'ன்னாரு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்த ஏம்பா அஞ்சு வருசமா சொல்லல?" என்று கேட்டார். பிறகு அவரே, "திரும்ப ஒருவாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். மதியம் வரை இருந்து, அவர் கேட்ட அத்தனைக்கும் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

திரும்ப 3.30க்கு பஸ் இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கும். அந்த ஆஸ்பத்திரியில் கழித்த இரண்டு வருடத்தையும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு நல்ல மனிதர்களோடு அதற்குப்பின் வேலை பார்க்கவில்லை.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஆளை அவசரப் பிரிவில் சேர்த்தால், ஒன்றுமில்லை என்று டாக்டர் அல்லாத யார் சொன்னாலும் அந்த வாசலை விட்டு நகராதீர்கள். மாற்றுத்துணியை வேறு யாராவது கொண்டுவரட்டும்.