பழைய மாவும் ஈஸ்ட் இல்லாத பிரெட்டும்

பேக்கரியில் இருபது வருடமாக ஓவன் பக்கமே நின்று வேலை பார்க்கிறேன். இத்தனை காலத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது ஒரே முறை. அன்றைக்கும் பேசுவதற்கு முன்னால் அவர் கையிலிருந்த பிரெட்டைப் பிடுங்கித் தின்றுவிட்டேன். மாவு பிசையப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

1. டெய்லரின் அரிப்பு

எங்கள் கடை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். எதிரே டெய்லர் அண்ணாச்சி கடை. தினமும் காலையில் எங்கள் பிரெட் இரண்டு துண்டை டீயில் முக்கித் தின்ற பிறகுதான் மெஷினில் உட்காருவார். ஒருநாள் பிரெட் வேண்டாம் என்றார்.

“டாக்டர் ஈஸ்ட்டே ஆகாதுன்னுட்டாரு வே. அதான் இந்த அரிப்பாம். நேத்து ஒரு மாப்பிள்ளைக்கு அளவெடுக்கையில சொறிஞ்சுட்டேன். பயந்துபோயி வேற கடைக்குப் போயிட்டாரு. பொழப்பு போவுது.”

“சப்பாத்தி தின்னும்” என்றார் முதலாளி.

“டீயில முக்குனா ஈரத்துண்டு மாதிரி தொங்குது.”

“இடியாப்பம்?”

“முக்கிப் பாரும். அப்புறம் கிளாசுக்குள்ள வலை வீசணும்.”

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாளைக்கு வாரும். ஈஸ்ட் இல்லாத பிரெட்டு தாரேன்” என்றவர், “ஏலே, கேட்டுச்சா?” என்று உள்ளே பார்த்தார்.

தலையாட்டினேன். என் பேச்சு பெரும்பாலும் அதுதான்.

2. கை செய்த வேலை

மறுநாள் விடியற்காலையில் மைதா, சோடா உப்பு, மோர் போட்டுப் பிசைந்தேன். சோடா மாவு காத்திருக்காது, உடனே ஓவனுக்குள் போக வேண்டும். நானோ பழக்கதோஷத்தில் துணி மூடி வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவு டின் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. வெந்து வந்தது தலையணை மாதிரி. முதலாளி சந்தோஷத்தில் கடை போர்டில் ‘ஈஸ்ட் இல்லாத பிரெட்’ என்று சாக்பீஸால் எழுதியே வைத்துவிட்டார்.

பாத்திரம் கழுவப் போனபோதுதான் பழைய மாவுக் கிண்ணம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தேன். முந்தின நாள் பிரெட் மாவில் ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, வாசத்துக்காக மறுநாள் மாவில் சேர்ப்பது எங்கள் வழக்கம். என்னைக் கேட்காமலே என் கை அதைச் சேர்த்திருக்கிறது. அதிலிருப்பது முழுக்க ஈஸ்ட்.

3. பிடுங்கியது

முன்பக்கம் ஓடினேன். அண்ணாச்சி துண்டை டீயில் முக்கி வாய்ப்பக்கம் கொண்டுபோய்விட்டார். சொல்ல வாய் வரவில்லை. பிடுங்கினேன். சொட்டச் சொட்ட எங்கே வைப்பது? என் வாயில் போட்டுக்கொண்டேன்.

“கோட்டி புடிச்சிட்டால ஒனக்கு?” என்று கத்தினார் முதலாளி.

“பசிச்சா கேளு மக்கா, பாதி தாரேன்” என்றார் அண்ணாச்சி.

சுடச்சுட விழுங்கினேன். “அதுல பழைய மாவு கெடக்கு அண்ணாச்சி. ஈஸ்ட் இருக்கு.”

அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். “இவன் பேசுவானா வே?”

முதலாளி எழுந்து போர்டை அழித்தார்.

அன்றே புதுப் பாத்திரம் எடுத்து, கிண்ணத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் பிசைந்தேன். பிசைந்த கையோடு ஓவனில் வைத்தேன். குட்டையாக, செங்கல் கனத்தில் வந்தது. அண்ணாச்சி முக்கினார். முதலாளியும் நானும் கிளாசுக்குள் எட்டிப் பார்த்தோம்.

“முழுசாத் திரும்பி வந்துட்டு வே!”

அதன் பிறகு தினமும் அதுதான். மிச்சத்தை, வெட்டுகிற துணி பறக்காமலிருக்க மேலே வைக்கிறார். அரிப்பும் குறைந்துவிட்டதாம்.

ஈஸ்ட் இல்லாத மாவுக்குத் தனிப் பாத்திரம் வையுங்கள். தப்பு தெரிந்தால் அங்கிருந்தே கத்திச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டால் கொதிக்கக் கொதிக்க நீங்கள்தான் விழுங்க வேண்டும்.