தொண்ணூறு ஒயில் கொடுத்த காதர் நானா

எல்லோருக்கும் அண்ணனான காதர் நானா போய்விட்டார் என்று வேன் ஓட்டும் செல்வம் நானுஓயா ஸ்டேஷன் வாசலில் வைத்துச் சொன்னான். "பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம், மாமா." எனக்குப் போன வாரமே தெரியும் என்றேன். ஒயில் வாங்கப் போன என்னிடம் ஒரு கிண்டலும் பேசாமல் டின்னை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நானா இனித் தாங்க மாட்டார்" என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லி நடக்காத காரியம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குறைவு.

ஹட்டனில் அவருடைய உதிரிப்பாகக் கடைக்குப் போகாத டிரைவர் இல்லை. உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கிய ஏச்சில் எங்கள் கோயில் திருவிழாவே பிழைத்தது.

தேர் வந்து நிற்கும் மைதானத்தில் அந்த வருடம் யானை நின்றாலும் தெரியாத அளவுக்குப் புல். டிராக்டருக்குப் பின்னால் பூட்டிப் புல் வெட்டும் பழைய மெஷின் ஒன்று தோட்டத்தில் கிடந்தது. கத்தியைச் சுற்றவைக்கும் அதன் கியர் பெட்டி ஒழுகியது. அதற்கு மாற்றுப் பெட்டி இலங்கையிலேயே கிடையாது. நானோ காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும், "கொடியேத்தத்துக்கு முன்ன வெட்டித் தாறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒயில் வற்றிப் பெட்டி இறுகினால் தேர் புல்லுக்குள் நிற்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

நானாவிடம் போய் கிரீஸ் கேட்டேன்.

"எதுக்கு?"

"கியர் பெட்டிக்கு. நெறைய அடைச்சிட்டா ஒழுகாதுங்களே."

"ஒழுகாது. பல்லுச் சக்கரம் கிரீஸை ஒதுக்கித் தள்ளிட்டு, நடுவுல காய்ஞ்சு சுத்தும். இஞ்சினியர் மாத்தயா படிச்ச எடத்துல இத சொல்லித் தரல்லியா?"

டிராக்டர் ஓட்டுகிற என்னை மாத்தயா, ஐயா, என்றதும் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. "அப்ப நூத்தி நாப்பது ஒயில் குடுங்க. வழக்கமா ஊத்துற தொண்ணூறைவிட அது பெலந்தானே." நம்பர் கூடினால் பலம் கூடும் என்பது என் கணக்கு.

"அது பெலமில்ல, தடிப்பு. மார்கழிக் காலையில ஒங்க லயத்துல இனிப்புக்கு வச்சிருக்கிற கித்துள் பாணிப் போத்தலைக் கவுத்துப் பாருங்க. பாணி எறங்குறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும். அந்த ஒயில் மேல இருக்கிற பேரிங்குக்கு அப்படித்தான் போய்ச் சேரும். ஒங்க குளிருக்குத் தொண்ணூறே போதும்."

நான் கழற்றிக் கொண்டுபோன பழைய ஒயில் சீலை, ஒழுகாமல் தடுக்கும் அந்த ரப்பர் வளையத்தை, திருப்பிப் பார்த்து, அதே அளவில் புதுச் சீல் ஒன்றும் எடுத்து வைத்தார். "இதை மாத்துங்க. மாத்தியும் கொஞ்சம் கசிஞ்சா பயப்படாதீங்க. காலையில மூடியைத் தெறந்து பாத்து, கொறஞ்சா ஊத்துங்க. கசியிற பெட்டியில ஒயில் இருக்கு. கசிவு தானா நின்னாத்தான் பயப்படணும்."

அவருடைய கிண்டலும் அப்படித்தான். அது நின்றால் நாம் பயப்பட வேண்டும்.

மைதானத்தை ஒரே மூச்சில் வெட்டினேன். டிராக்டர் சத்தம் கொத்மலை வரை கேட்டதாம். நோட்டன் பிரிட்ஜ் வரை என்று சொல்கிறவர்களும் உண்டு. தேர் தடையில்லாமல் வந்து நின்றது. கடையைச் சாத்திவிட்டு நானாவும் பஸ் ஏறி வந்திருந்தார். தேரைப் பார்ப்பதற்கு முன்னால் நேரே மெஷினிடம் போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடேறல்ல. மாத்தயா பாஸ்," என்றார். அதற்குப் பிறகு எப்போது கடைக்குப் போனாலும், "இன்னைக்கு என்ன, பாணியா ஒயிலா?" என்பதுதான் எனக்கு வரவேற்பு.

அந்தப் பெட்டி இன்னும் சுற்றுகிறது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்காமல் நான் இன்றும் டிராக்டரைக் கிளப்புவதில்லை. அவர் தந்ததில் அந்தப் பழக்கம் என்னிடம் இருக்கிறது. அந்தக் கேள்வியும் இருக்கிறது.

போன வாரம் அவர் பேசாமல் டின்னைக் கொடுத்தார் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது நான் சேர்த்தது. மனைவியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை வாசலில் கண்டதுமே, "மாத்தயா வந்துட்டாரு. பாணியா ஒயிலா?" என்று கடையே சிரிக்கக் கேட்டார். கசிவு நிற்கவே இல்லை. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.