பதிவுத் தபாலில் போன ஆறு சிபாரிசுகள்

முப்பது வயது தாண்டினால் அந்த ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது. எனக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்து எட்டு மாதம். அதற்கு முன் இரண்டு முறை முதல் சுற்றிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். சர்வதேச விவகாரக் கொள்கையில் வளர்ந்துவரும் இளையவர்களுக்கு ஒரு வருட ஆய்வு. கொழும்பில் ஒன்பது மாதம், டில்லியில் மூன்று மாதம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களோடு நான் இரண்டு வாரம் பேசவில்லை. என் குணம் அப்படி.

எனக்கு அந்த ஆசை வந்தது பெரியப்பாவால். தோட்டத் தொழிலாளரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் அவர் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அப்பா இங்கே, அவருடைய அண்ணன் நீலகிரியில். இரண்டு பேருக்கும் தேயிலையில்தான் வேலை. தலைநகரங்களில் போட்ட கையெழுத்து தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது, யார் வந்து என்ன சொன்னார்கள் என்பதை ஆராயவேண்டும் என்று நினைத்தேன். அதை ஆங்கிலத்தில், மறுபடி படித்தால் எனக்கே புரியாத கனத்தோடு எழுதி அனுப்பினேன்.

இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்தவர்கள் அவற்றை இணையத்தில் நேரடியாக அனுப்பவேண்டும். ஒருவர் அன்றே அனுப்பிவிட்டார். மற்றவர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். “இன்னும் ஒரு சிபாரிசு வரல. அது வராட்டி எல்லாம் போச்சு” என்று தோழியிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்தில் அடையாள அட்டை எடுப்பதென்றாலும், கரண்ட் இழுப்பதென்றாலும் கடிதம் வேண்டும். இருக்கும் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, முகவரியும் தோட்டத்தின் முகவரிதான். ஆகவே நாங்கள் இன்னார்தான் என்று யாராவது சீல் குத்திச் சொல்லவேண்டும். ஒரு கடிதம் போதும் என்ற இடத்துக்கு மூன்று கொண்டுபோவதுதான் எங்கள் வழக்கம். ஒன்றைத் தள்ளினாலும் இன்னொன்று நிற்கும்.

இழுத்தடித்த விரிவுரையாளர் கடைசி நாளில் அனுப்பிவிட்டார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று வாரத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, இணையவழியில். அன்றைக்கு அம்மா வேலைக்குப் போகவில்லை. யாரும் உள்ளே வந்துவிடாமல் வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். நான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன்.

திரையில் மூன்று பேர். ஓய்வுபெற்ற தூதுவரான ஒரு பெண்மணி, ஒரு பேராசிரியர், குறிப்பு எழுதிக்கொண்டே இருந்த இன்னொருவர். முதல் இரண்டு கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சமாளித்தேன். அப்புறம் தூதுவர் பருத்த காக்கி உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “பதிவுத் தபாலில் வந்தது. அனுப்பியவர் உங்கள் அம்மாவா?”

உள்ளே ஆறு கடிதங்கள். பாடசாலை அதிபர், கிராம சேவகர், கோயில் கமிட்டி, தோட்டத்து மருத்துவமாது, தோட்டத் தொரை, தொழிற்சங்கத் தலைவர். ஆறிலும் சீல். மூன்றாவது முறையும் போயிற்று, அதுவும் பெற்ற தாயால் என்று பல்லைக் கடித்தேன்.

தூதுவர் இரண்டு கடிதங்களைத் தனியே எடுத்தார். தொழிற்சங்கத்தோடு பிணக்கு இருக்கிறபோதிலும் இவரைச் சிபாரிசு செய்கிறேன் என்று தோட்டத்தை நடத்தும் தொரை எழுதியிருந்தார். ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டிய தொரையை எதிர்த்து நாங்கள் போராடிக்கொண்டிருந்தாலும் இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்று தலைவர் எழுதியிருந்தார். இரண்டிலும் ஒரே தேதி.

“முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர். ஒரே நாளில் இருவரிடமும் அம்மா எப்படிக் கையெழுத்து வாங்கினார்?”

“தெரியாது. கடிதங்கள் இருப்பதே இப்போதுதான் தெரியும்.”

“அம்மாவிடம் கேட்கலாமா?”

கூப்பிட்டேன். அம்மா தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வந்து, “வணக்கமுங்க” என்று கும்பிட்டார்.

“தொரைகிட்ட போயி, தலைவரு குடுத்துட்டாருங்க, நீங்க குடுக்காட்டி நல்லாவா இருக்கும்னு கேட்டேன். சாயந்தரம் வான்னாரு. அதுக்குள்ள ஓடிப்போயி தலைவருகிட்ட, தொரையே குடுத்துட்டாரு, நம்மாளு நீங்க பின்னால நிக்கலாமானு கேட்டேன். அவ்வளவுதாங்க.”

இதை நான் மொழிபெயர்க்கவேண்டும். இருவரோடும் கலந்து பேசினார் என்று மழுப்பத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, வருவது வரட்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பேராசிரியர் சத்தமாகச் சிரித்தார். தூதுவர் சிரிக்கவில்லை. “இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

“இதென்னங்க புதுசா? ஒப்பந்தத்துக்குப் பேரு பதிய வந்தவங்க இவ பெரியப்பாகிட்டயும் இப்படித்தான் கையெழுத்து வாங்குனாங்க. பக்கத்துக் காம்பரா வீட்டுல இந்தியாவுக்குப் பேரு குடுத்துட்டாங்கனு இவருகிட்ட சொன்னாங்க. இவரு குடுத்துட்டாருனு அவங்ககிட்ட சொன்னாங்க. எங்க மாமனாரு சாகுற வரைக்கும் அதத்தான் சொல்லிச் சொல்லி அழுதாரு.”

நான் மொழிபெயர்க்க மறந்து அம்மாவையே பார்த்தேன். எத்தனை நாள் எத்தனை பழைய கோப்புகளைப் புரட்டியிருப்பேன்! வீட்டில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா சொன்னதையும் என் வெட்கத்தையும் மறைக்காமல் அவர்களிடம் சொன்னேன். என் ஆய்வை இந்த லயத்திலிருந்தே மறுபடி தொடங்கவேண்டும் என்றும் சொன்னேன். தயாரித்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அன்றைக்கு வாயில் வரவில்லை. சாதாரணமாகப் பேசினேன், அவர்களும் சாதாரணமாகக் கேட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தெரிவான செய்தி வந்தது. அப்பா சந்தோஷத்தில் நீலகிரிக்குப் போன் போட்டு, பேசமுடியாமல் என் கையில் கொடுத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு நிறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டார். கிலோ சண்டை அதற்குள் எப்படியோ பேசி முடிந்திருந்தது. எங்கே என்று கேட்டேன்.

“நீ படிக்கப் போற எடத்துக்கு நான் பொய் சொல்லி வாங்குன கடிதாசி போயிருக்கு. அது நல்லதில்ல. ரெண்டு பேருகிட்டயும் உண்மையச் சொல்லிட்டு வந்துர்றேன்.”

தொரை கோபித்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று நான் பயந்தேன். அம்மா பகல் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.

“என்னம்மா சொன்னாங்க?”

“ரெண்டு பேருக்கும் அன்னைக்கே தெரியுமாம்.”

“என்ன தெரியுமாம்?”

“தலைவரு சிரிக்கிறாரு. ‘நாங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த நேரத்துல தொரை எனக்கு முந்திக் குடுத்திருப்பாராக்கா? பொய்யினு தெரிஞ்சுதான் போட்டேன், புள்ள போகட்டும்’ங்கிறாரு. தொரையும் அதையேதான் சொன்னாரு, சிங்களத்துல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏசினார்: “கெடச்சதுக்குப் போயி யாராவது அழுவாங்களா? சோத்தப் போடு.”