செமிலிங்கில் வாங்கிய வால்வு லிப்டர்கள்

காலை 7.10, செர்டாங். இதுவரை நான் எழுதிய பயணங்கள் எல்லாம் என் மோட்டார் சைக்கிளில் போனவை. இந்த முறை வாடகைக் காரில் போனேன். மோட்டார் வீட்டு வாசலில் வயிறு பிளந்து கிடந்தது.

அது என் கணவர் அந்தோணி விட்டுப்போன வண்டி. ஐந்நூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர், காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். அவர் வண்டியில் சாகவில்லை. சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஓட்டிப் போவதைப் பார்க்கிறவர்கள் அந்த வண்டிதான் அவரைக் கொன்றது போலப் பார்க்கிறார்கள். ஐம்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். வாரத்தில் ஐந்து நாள் கிளினிக்கில் பதிவுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை மட்டும் சாலை என்னுடையது. மகள் பிலோமினாவிடம் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். திரும்பி வந்ததும் அவளிடம் எங்கே போனேன், என்ன சாப்பிட்டேன், யார் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிப்பேன். எழுதுவது அதற்குப் பிறகுதான்.

கெட்டுப்போனது வால்வு லிப்டர். கட்டைவிரல் அளவு இரும்பு, கீழே காளானைக் கவிழ்த்தது போல ஒரு பாதம். கேம் என்ற புடைப்புள்ள தண்டு சுற்றும்போது அந்தப் பாதம் அதன் மேல் ஏறி இறங்கி, கம்பி வழியாக வால்வைத் திறந்துவிடும். என் வண்டிக்கு இரண்டு. இரண்டு மாதத்துக்கு முன் பீடோங்கில் சேவியர் அண்ணன் புதிதாக மாட்டிக் கொடுத்தார். ஐந்தாவது வாரம் இஞ்சினுக்குள் டக் டக் என்று யாரோ கதவைத் தட்டினார்கள். செர்டாங் மெக்கானிக் திறந்து காட்டினான். இரண்டு பாதமும் அம்மை விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தன. "எங்க வாங்குனீங்களோ அங்கயே போங்கக்கா. நம்மகிட்ட இந்தச் சாமான் கெடையாது," என்றான். கழற்றிய இரண்டையும் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

போக வர நூற்றெண்பது வெள்ளி என்று பேசி முடித்த ஓட்டுநர் சேகருக்கு முப்பது வயதிருக்கும். கூலிம் தாண்டும் வரை அவருக்கு என் காரியம் பிடிபடவில்லை.

"மோட்டார் சாமான் ஒன்னு வாங்கவா இவ்ளோ தூரம்? இந்தச் செலவுக்குக் கொஞ்சம் மேல போட்டா கப்சாய் மாதிரி பழைய சின்ன மோட்டாரே வாங்கிடலாம் லா அக்கா."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி."

இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் பழக்குலை ஏற்றிய லாரி. அதன் புழுதியும் புகையும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. காரின் பின் இருக்கையில் போவதைப் பயணம் என்று நான் சொல்லமாட்டேன். பார்சலும் அப்படித்தான் போகிறது.

காலை 9.00, பீடோங். சுங்கைப்பட்டாணி நெரிசலைக் கடந்து வந்தபோது கார் மீட்டர் 76 கிலோமீட்டர் காட்டியது. சேவியர் அண்ணனின் பட்டறை பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. கடைசல் இயந்திரம், தேய்க்கும் இயந்திரம் எல்லாம் வைத்திருக்கிறார். என் கணவரோடு முப்பது வருடப் பழக்கம். பிலோமினாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று அவளைக் கையில் ஏந்தியவர். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணன் குழி விழுந்த லிப்டர்களை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய் பத்தல தங்கச்சி. நீ பாத்து ஊத்தியிருக்க மாட்ட."

வாரம் தவறாமல் எண்ணெய் பார்க்கிறவள் நான். ஆனாலும் என் தப்பாகத்தான் இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்துத் தந்தார். பாதம் இரண்டும் கண்ணாடி போலப் பளபளத்தன. என் மூக்கு அதில் தெரிந்தது. காசு வேண்டாம் என்றார். "இதுவும் போச்சுன்னா வித்துடு லா. பிள்ளைக்குக் கல்யாணம் பேசுற நேரம். ஓட்டுனவரைக்கும் போதும்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுதான் குறை: இஞ்சின் மூடிக்கு இடையில் வைக்கும் கேஸ்கெட் அவரிடம் இல்லை. வெளியே வந்தால், சேகர் அதற்குள் டீக்கடையில் வேறு கடை உண்டா என்று விசாரித்து வைத்திருந்தார். செமிலிங்கில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கோபால் என்பவரிடம் கிடைக்குமாம்.

காலை 10.20, செமிலிங். எட்டே கிலோமீட்டர். வீட்டு முன்கூடம்தான் கடை. கோபால் கேஸ்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன கோளாறு என்று கேட்டார். துணியை அவிழ்த்து நான்கையும் மேசையில் வைத்தேன். அவர் கெட்டதைத் தொடவில்லை. பளபளத்ததை எடுத்து, ஒரு சின்ன அரத்தை அதன் பாதத்தில் வைத்து லேசாக இழுத்தார். அரம் கடித்தது. இரும்புப் பொடி விழுந்தது.

"இது தேச்ச சாமான்க்கா. புதுசு இல்ல."

"பளபளன்னு இருக்கே."

"அதான் கோளாறே. பாதத்துக்கு மேல கெட்டியா ஒரு தோல் இருக்கும், காயிதம் கனந்தான். அந்தத் தோல்தான் தாங்கும். பழசை மிஷின்ல வச்சுத் தேச்சா பார்க்க அழகா இருக்கும், தோல் போயிடும். அப்புறம் கேம் அதை வெண்ணெ மாதிரி தின்னுடும்."

பிறகு மூன்று ஜோடிகளை என் முன் வரிசையாக வைத்து, அரத்தை என் கையில் கொடுத்தார். முதலாவது, யாரோ பார்த்துச் செய்த புது நகல்: அரம் கடித்தது. இரண்டாவது, இன்னொரு வண்டியில் கழற்றியது: அரம் வழுக்கியது, ஆனால் அது வேறொரு கேமோடு தேய்ந்து பழகிய பாதம், என் கேமைக் கெடுத்துவிடும் என்றார். மூன்றாவது எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய அசல். மங்கிய சாம்பல் நிறம், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. அரம் கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போனது. ஜோடி இருநூற்றிருபது வெள்ளி. அதையே எடுத்தேன்.

காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போது கோபால் ஒரு கேள்வி கேட்டார். "தேச்சவரு யாருக்கா? நல்ல கை. வேலை தெரிஞ்சவரு."

"வேலை தெரிஞ்சவருக்கு இது தாங்காதுன்னு தெரியாதா?"

"தெரியாம இருக்காது," என்றார். சொன்ன வரைக்கும் போதுமானதாக இருந்தது.

காலை 11.30, மீண்டும் பீடோங். அண்ணன் என் கையிலிருந்த எண்ணெய்க் காகிதத்தைப் பார்த்தார். பட்டறை ஆட்களை டீ குடிக்க அனுப்பினார். நான் பளபளத்த ஜோடியை மேசையில் வைத்து, அரம் ஒன்று கேட்டேன். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை.

"முதல்ல மாட்டுனதும் தேச்சதுதானாண்ணே?"

"ஆமா தங்கச்சி."

"ஏன்?"

மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "பிலோ கேட்டா. மாப்பிள வீட்டுல பேசுறாங்களாம், அம்மா மோட்டார்ல ஊர் சுத்துறாங்கன்னு. அம்மாகிட்ட சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்கதான் எதாச்சும் செய்யணும் ஞானப்பான்னு அழுதா. அந்தோணி இல்ல. நான் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் சபையில் ஞானத்தகப்பன் என்றால் வெறும் பேருக்கு இல்லை. அப்பன் இல்லாத இடத்தில் அவர்தான் அப்பன். மகள் கேட்டு அவர் மறுத்தால் பீடத்துக்கு முன் கொடுத்த வாக்கை மறுத்ததாகும். அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தவளும் நான்தான்.

"தொண்ணூறுல போகும்போது அந்த லிப்டர் உடைஞ்சு இஞ்சின் இறுகியிருந்தா? பின் சக்கரம் நின்னிருக்கும். பின்னால லாரி வந்திருந்தா?"

"நீ மெதுவா போவன்னு நெனச்சேன்."

"என்னைக் காப்பாத்தவா, என்னைக் கொல்லவா இதைச் செஞ்சீங்க?"

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவர் மனைவி மறுபடி காப்பி கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. அண்ணன் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவர் என் முகத்தைப் பார்க்காததில் தெரிந்தது. முப்பது வருடத்தில் அந்த வீட்டுக் காப்பியை நான் மறுத்தது அன்றுதான்.

பிற்பகல் 2.15, செர்டாங். திரும்பும் வழியில் சேகர் எதுவும் கேட்கவில்லை. அதற்காகவே பேசியதற்கு மேல் பத்து வெள்ளி கொடுத்தேன். வழியில் என்ன பார்த்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். எழுபத்தாறு கிலோமீட்டரில் ஒரு மரம்கூட என் நினைவில் இல்லை. அண்ணன் மேல் வந்த கோபம் கூலிமோடு தீர்ந்துவிட்டது. அவர் செய்தது மடத்தனம், அவ்வளவுதான். மகள் மேல் வந்த கோபம் வீட்டை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வந்தது.

பிலோமினா சோறு வடித்து, மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது, அண்ணன் போன் செய்திருப்பார். எண்ணெய்க் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவள் கண்ணில் படும்படி வைத்தேன்.

"கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது."

"சாப்பிடுறீங்களா?"

சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. போகாதவர்களுக்கு, போன இடத்தைப் பற்றிச் சொல்வதுதான் என் பழக்கம். அன்று எதிரில் உட்கார்ந்திருந்தவள் வாசலைத் தாண்டாமலே என் பயணம் முழுவதையும் அறிந்தவள். சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லுக்காக ரசம் வரைக்கும் காத்திருந்தேன். அவள் அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை செர்டாங் மெக்கானிக் லிப்டர்களை மாட்டினான். இஞ்சின் மூன்றாவது உதையில் கிளம்பியது; தட்டல் இல்லை. சனிக்கிழமை காலை பிலோமினா வாசலுக்கு வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அவளிடம் சொல்லாமல் வண்டியை எடுத்தது அதுதான் முதல் முறை.