ஊசி இல்லாத நாளில் வந்தவர்

என் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள் என்று கேட்டதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நுவரெலியா கண் கிளினிக் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். பெஞ்சில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் இருந்தார். நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு அழுத்திய பள்ளம். அடிக்கடி ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு எதிரேயுள்ள கதவு நிலை வளைந்து தெரிகிறதா என்று பார்த்தார்.

"உக்காருங்க சேர். மரத்துப்போக மருந்து விட்டுட்டுத்தான் குத்துவாங்க. எனக்கு மொதல்ல லேசர்ல சுட்டாங்க. இருந்த பார்வை மேல கெடாம நின்னுச்சு, அவ்வளவுதான். பெறகு மாசாமாசம் ஊசி. அதுலதான் மறுபடி கொழுந்து தெரிஞ்சுச்சு. இப்ப புது மருந்து, மூணு மாசத்துக்கு ஒண்ணு போதுமாம்."

நர்ஸ் வந்து அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினார். "உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே! போன தடவையும் இப்படித்தான் சும்மா வந்தீங்க."

எனக்கே எரிச்சலாக இருந்தது. "வேலையை விட்டுட்டு ஏன்க்கா வர்றீங்க?"

"தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நின்னு பேரு குடுக்காட்டி அன்னிக்கு வேலை இல்ல. இங்க மூணு மாசம் மொகத்தைக் காட்டாட்டி பேரை வெட்டிற மாட்டாங்களா சேர்?"

நான் சிரித்துவிட்டேன்.

இந்த வருஷம், மாதாமாதம் போட்டுவந்த என் ஊசியையும் மூன்று மாதத்துக்கு ஒன்றாக்கினார்கள். நல்ல செய்தி என்றார் டாக்டர். ஒரு மாதம் முடிந்ததும் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டுக் கந்தப்பளையில் கிளினிக்குக்குப் பஸ் ஏறினேன்.

பெஞ்சில் இருந்த அந்த அக்கா நகர்ந்து இடம் விட்டார்.