பிண்டம் கரைக்கப் போன இடத்தில் பட்டாளம்

என்ரை மனிசன் ஆடி அமாவாசைக்குத் தன் அப்பாவுக்குப் பிண்டம் கரைக்காத வருசம் இல்லை. ஊரில் கடலில் கரைத்தார், ஷாஃப்ஹவுசனுக்கு வந்தபிறகு ரைன் ஆற்றில் கரைக்கிறார். உச்சிப்பொழுதுக்கு முந்திக் கரைத்தாக வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டார். என்னோடை கொழுவிச் சண்டை பிடிக்க மட்டும் தெம்பிருக்கும்.

அந்த முறை வாழையிலைப் பொட்டலத்தோடு இரண்டுபேரும் ஆற்றங்கரைக்குப் போனால், அங்கே பட்டாளம். பற்றைக்குள் துவக்கு, படிக்கட்டில் துவக்கு. கடலே இல்லாத நாட்டில் கரைகாவல் ஒத்திகை. எதிரி படகில் வாறானாம். அக்கரையில் ஒரு கிழவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சிப்பாய் கையை நீட்டி மறித்தார். முகமெல்லாம் கரி. உற்றுப் பார்த்தால், எங்கள் கட்டிடத்தின் அப்வார்ட்! படி கூட்டுகிற, உடுப்புத் தோய்க்கிற அறையைப் பூட்டித் திறப்பை வைத்திருக்கிற ஆள். இந்த நாட்டில் அப்படித்தான், வருசத்தில் சில கிழமை அவரவர் வேலையை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போவார்கள்.

"இண்டைக்கு இஞ்சை இறங்கேலாது. போர்," என்றார் டொச் மொழியில்.

"போர் எண்டால் என்னெண்டு எங்களுக்கோ சொல்லுறார்?" என்று என்ரை மனிசன் தமிழில் பொரிந்தார். "நீர் கதையுமப்பா. உமக்குத்தானே ஆளைத் தெரியும்."

எனக்கு அந்தாளிடம் திறப்புக் கேட்கவே நாக்கு ஒட்டும். படிப்பு ஐந்தாம் வகுப்பு, டொச் அதிலும் குறைவு. ஆனால் இவர் பசியில் படிக்கட்டிலேயே குந்திவிட்டார். பொட்டலத்தை விரித்துக் காட்டினேன்.

"இவரின்ரை அப்பா. செத்திட்டார். சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு முதல்."

அப்வார்ட் சோற்றுருண்டையைப் பார்த்தார். "அப்பா ஆத்துக்குள்ளையோ?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் வோக்கி டோக்கியில் ஏதோ கதைத்தார். ஆற்று வளைவால் வந்த எதிரிப் படகு இயந்திரத்தை நிறுத்திக்கொண்டு நின்றது. இவர் வேட்டியோடு இடுப்பளவு தண்ணியில் இறங்கி, பிண்டத்தை விட்டு, மூன்று முழுக்குப் போட்டார். எதிரிகளில் ஒருவன் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

இவர் கரையேறியதுதான் தாமதம், படபடவென்று வெடி. வெற்று வெடிதான், ஆனாலும் காது அடைத்துப்போச்சு. அந்தப் பக்கத்துக் காகம் அத்தனையும் எல்லை தாண்டி ஜேர்மனிக்கு ஓடிவிட்டது.

காகம் சோறு தொட்ட பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. வீட்டுப் பல்கனியில் இலை போட்டு, "கா, கா" என்று இவர் கத்தினார். பக்கத்து வீட்டு மனிசி எட்டிப் பார்த்தாள், காகம் பார்க்கவில்லை.

பின்னேரமாக இவரே உள்ளே வந்தார். "அப்பா ஆத்திலையே வயிறாறச் சாப்பிட்டிருப்பார். போடும் சோத்தை."